இவ்வினா எழவில்லை

சென்னையில் புறப்பட்டுப் பத்து நாளாகிறது.
செயலகம், இயக்குநரகம், திருவாரூர் என்று
மதகுக்கு மதகு தேங்கி,
புதன்கிழமை காலை பத்தே காலுக்கு
எங்கள் வட்டார சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தது
சட்டமன்றக் கேள்வி ஒன்று.
'மிக மிக அவசரம்.' பன்னிரண்டுக்குள் விடை வேண்டும்.
கடைமடைக்கு மிச்சம் ஒன்றே முக்கால் மணி நேரம்.
தண்ணீரும் இப்படித்தான் வரும் இங்கே.
பழகிவிட்டது.

மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர்
பின்வருவன குறித்துக் கூறுவாரா:
(அ) கீழத்தாழங்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில்
இரவில் செவிலியர் இல்லை என்பதை அரசு அறியுமா?
(ஆ) அறியுமெனில், நியமிக்க ஆவன செய்யப்படுமா?

கேட்டவர் உறுப்பினர் குஞ்சிதபாதம்.
வாக்குக் கேட்டு வந்தபோது
எங்கள் ஊர் வண்டிப்பாதையில் செருப்பறுந்து
வெறுங்காலோடு கும்பிட்டவர்.

அரசு அறியுமா.
யாரைப் போய்க் கேட்பது?
சம்பளப் பட்டியல் போடுகிற நான் அறிவேன்.
ரெஜினா மேரி பதினொரு மாதமாகத் திருவாரூரில் மாற்றுப்பணி,
பெயர் மட்டும் இங்கே சம்பளம் வாங்குகிறது.
பூட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும் நாய்கள் அறியும்.
குட்டியானை ஓட்டும் ஹாஜா மைதீன் அறிவார்.
ராத்திரி ஒன்றரைக்கு மீன் பெட்டிகளை இறக்கிவிட்டு,
தார்ப்பாயில் வைக்கோல், அதன் மேல் யார் வீட்டுச் சேலையோ விரித்து
வலியெடுத்தவளை ஏற்றுவார்.
திருத்துறைப்பூண்டி இருபத்தாறு கிலோமீட்டர்,
கோரையாற்றுப் பாலத்தில் வேலை நடப்பதால்
முப்பத்து மூன்று.

கண்காணிப்பாளர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"பணியிடம் காலியில்லைம்மா, ஏட்டில் ஆள் இருக்கு.
(அ)வுக்கு 'இல்லை' போடு.
(ஆ)வுக்கு 'இவ்வினா எழவில்லை'.
முதல் விடை இல்லைன்னா
ரெண்டாவது தானா விழுந்துடும்."

இருபது வருட அனுபவம். தப்பு சொல்ல முடியாது.
தட்டச்சு செய்தேன்.
எழவில்லை என்ற இடத்தில்
விரல் நின்றது.

கோமளவல்லி. இருபத்து மூன்று வயது. நடவுக் கூலி.
ஐப்பசி அடைமழையில் போன வண்டி
பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நின்று
விளக்கணைத்து,
ஹாஜா மைதீன் இறங்கி வந்து இரண்டு தரம் கூப்பிட்டும்
எழவில்லை.
குழந்தை இருக்கிறது. பெண்.
மூன்றாம் தவணை ஊசிக்குப் போன வாரம் வந்து
எங்கள் கூரையே அதிர அழுதுவிட்டுப் போனது.

ஒரு சொல்லை மாற்றினேன், அவ்வளவுதான்.
(அ) ஆம்.
பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
கண்காணிப்பாளர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இனி அது மேட்டுக்கு ஏற வேண்டும்.
ஏறுகிற வழியெல்லாம் திருத்துவதற்குப் பேனாக்கள்.
எந்தப் பேனாவிலும் மை இல்லையோ என்னவோ,
அடுத்த திங்கள் காலை அமைச்சர் வாசித்தது:
"(அ) ஆம். (ஆ) அரசின் பரிசீலனையில் உள்ளது."

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம் குஞ்சிதபாதம்.
எல்லோரும் உட்காருகிறார்கள்.
அவர் தொண்டையைச் செருமி, துணைக் கேள்வி என்றாராம்.
"பேரவைத் தலைவர் அவர்களே,
அரசு அறியும் என்கிறார் அமைச்சர். நன்றி.
எந்தத் தேதியிலிருந்து அறியும்?"

அமைச்சர் அதிகாரிகள் வரிசையைப் பார்த்திருக்கிறார்.
ஒரு துண்டுச் சீட்டு எழுந்திருக்கிறது.
பத்து நாள் தூரத்தை நாலு நிமிடத்தில் கடந்து
என் மேசையில் தொலைபேசி அடித்தது.
"என்னையிலேர்ந்து? சீக்கிரம்."

கோப்பைத் தேடவில்லை.
ஊசி போட வரும்போதெல்லாம்
அந்த மாமியார்க்காரி சொல்வதுதான் வாயில் வந்தது.
"ஐப்பசி பதினேழு."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம்.
"இங்கிலீஷ் தேதி சொல்லுங்கம்மா.
சபை காத்திருக்கு."